பேக்ரவுண்ட் செக்கில் பழைய வழக்கு: வீடு தர மறுக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் வசிக்கிறோம். பக்கத்து ஊரில் வாங்கிப்போட்ட டவுன்ஹவுஸை வாடகைக்கு விடப்போகிறோம். ஒருவர் அப்ளிகேஷன் போட்டிருக்கிறார். நல்ல சம்பளம், கிரெடிட்டும் சுத்தம். ஆனால் ஆன்லைனில் எடுத்த ரிப்போர்ட்டில் 6 வருடத்துக்கு முந்தைய போதைப்பொருள் வழக்குத் தண்டனை இருக்கிறது (குற்றத்தின் கடுமையைச் சொல்லும் வரிசையில் மூன்றாம் டிகிரி, ஜெயில் இல்லை, வெளியிலிருந்தபடியே கண்காணிக்கப்படும் புரொபேஷன்தான்). 2 வருடம் முன்பு ஒரு கைது, அது தள்ளுபடியாகிவிட்டது. அவருக்கு வீடு தர மறுக்கலாமா?

பதில்: இந்த இரண்டையும் காரணம் காட்டி மறுக்க முடியாது. சொல்லப்போனால், ரிப்போர்ட்டின் அந்தப் பகுதியை நீங்கள் இப்போதே பார்த்ததுதான் முதல் தவறு.

நியூ ஜெர்சியில் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, முதலில் வருமானம், கிரெடிட், பழைய வீட்டுக்காரரின் அபிப்பிராயம் ஆகியவற்றை வைத்து, ‘வீடு உங்களுக்குத்தான்’ என்று நிபந்தனையோடு சம்மதம் சொல்ல வேண்டும். மிகச் சில விதிவிலக்குகள் தவிர, குற்றப் பின்னணியை அதற்குப் பிறகுதான் தொடலாம். ஸ்கிரீனிங் கம்பெனிகள் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகின்றன, மாட்டிக்கொள்வது வீட்டுக்காரர். அடுத்த முறை அந்தப் பகுதியை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

சம்மதம் சொன்ன பிறகும் எவ்வளவு பின்னோக்கிப் பார்க்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. முதல் டிகிரி குற்றமென்றால் 6 வருடம், இரண்டாம், மூன்றாம் டிகிரிக்கு 4, நான்காம் டிகிரிக்கு 1. ஜெயிலுக்குப் போயிருந்தால் விடுதலையான நாளிலிருந்து எண்ண வேண்டும். கொலை, ஆள்கடத்தல் போன்ற சிலவற்றுக்கு மட்டும் காலவரம்பு கிடையாது. உங்கள் விண்ணப்பதாரரின் 4 வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. தண்டனையில் முடியாத கைதை எந்த நிலையிலும் கணக்கில் எடுக்கக் கூடாது.

வீடு தருவதில் பாகுபாட்டைத் தடுக்கும் மத்திய அரசுச் சட்டமான 1968-ஆம் ஆண்டின் ஃபேர் ஹவுசிங் சட்டத்தில் ‘குற்றப் பின்னணி’ என்ற சொல் இல்லையே என்று சிலர் வாதிடுவார்கள். நிஜம்தான். ஆனால், நோக்கம் இல்லாவிட்டாலும் ஒரு விதி குறிப்பிட்ட இனத்தாரை அதிகமாகத் தாக்கினால் வழக்குப் போடலாம் என்று 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்படி நோக்கம் இல்லாத பாதிப்பை வைத்து எடுக்கும் நடவடிக்கைகளைக் குறைக்கும்படி 2025 ஏப்ரலில் அதிபரின் ஆணை வந்ததும் ‘எல்லாம் போச்சு’ என்று பேச்சு கிளம்பியது. அந்த ஆணை மத்திய அரசுத் துறைகளுக்கானது. உங்களைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டம் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று: ரிப்போர்ட்டில் இருப்பது அவர்தானா என்று பிறந்த தேதியைப் பொருத்திப் பார்த்தீர்களா? குமார், படேல் என்று பெயரிருந்தால் அடுத்தவர் வழக்கு தலையில் விழுவது சர்வசாதாரணம்.

வீட்டுக்காரரும் அதே கட்டடத்தில் குடியிருந்து, மொத்தம் 4 வீட்டுக்கு மேல் இல்லாவிட்டால் மாநிலத்தின் இந்தச் சட்டம் பொருந்தாது. நீங்கள் அங்கே குடியிருக்கவில்லை, அதனால் அந்த வழியும் இல்லை. சம்பளமும் கிரெடிட்டும் சரியென்றால் லீஸைக் கொடுங்கள். வேறு காரணத்துக்காக மறுப்பதானால், பேசுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் ரிப்போர்ட்டைக் காட்டிவிடுங்கள். ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்பதால் உங்கள் காரணத்தை யாரும் எளிதில் நம்பமாட்டார்கள்.