டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் விஸார்ட், சோர்சரர், வார்லாக்: முதல்முறை மந்திரவாதியாக ஆட எதை எடுக்கலாம்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டு. அதில் இந்த மூன்று மந்திரவாதி வகுப்புகளில் எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் சொல்லியிருப்பது: 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் (அடிப்படை விதிப் புத்தகம்) விதிகள், 5-ஆம் லெவலில் தொடக்கம், குழுவில் ரோக் (திருடன்), கிளெரிக் (பூசாரி), பலாடின் (புனித வீரர்) ஏற்கெனவே உண்டு, பெரும்பாலும் நாளுக்கு ஒரே பெரிய சண்டை. நீங்கள் இதுவரை ஃபைட்டர் (போர்வீரர்)தான் ஆடியிருக்கிறீர்கள்.

விஸார்ட் எடுங்கள், அதிலும் இவோகேஷன் (நெருப்பு போன்ற ஆற்றலை வீசும் மந்திரங்கள்) பிரிவு. இதில் பாதிக் காரணம் உங்கள் குழு ஓய்வெடுக்கும் விதம். அது மாறினால் பதிலும் மாறும்.

முதலில் வார்லாக். 5-ஆம் லெவலில் அதற்கு இரண்டே ஸ்லாட் (ஒரு மந்திரம் போட ஒன்று செலவாகும்), ஆனால் இரண்டுமே 3-ஆம் நிலை. நிலை என்பது மந்திரத்தின் வலிமை, கதாபாத்திரத்தின் லெவல் வேறு. ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்ட் எடுத்தால் இரண்டும் திரும்பிவிடும். நாளில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் எடுக்கும் குழுவில் ஆறு 3-ஆம் நிலை மந்திரம் போடலாம், மற்ற இருவராலும் அதை எட்ட முடியாது. உங்கள் குழுவிலோ ஒரு சண்டை முடிந்ததும் தூங்கப் போய்விடுகிறார்கள். அப்போது அந்த ஆறு இரண்டாகிவிடும். அதே சண்டைக்குள் விஸார்டும் சோர்சரரும் 1, 2, 3-ஆம் நிலைகளில் முறையே 4, 3, 2 என ஒன்பது ஸ்லாட்டோடு நுழைகிறார்கள்.

வார்லாக்கை அப்போதும் காப்பாற்றுவது எல்ட்ரிட்ச் பிளாஸ்ட், ஸ்லாட் செலவில்லாத தாக்குதல் மந்திரம். 5-ஆம் லெவலில் இரண்டு கற்றை. அகோனைஸிங் பிளாஸ்ட் என்ற கூடுதல் திறனை எடுத்து கரிஸ்மா 18 இருந்தால் ஒவ்வொன்றும் 1டி10+4 (ஒரு பத்துமுகப் பகடையோடு 4), இரண்டும் பட்டால் சராசரி 19. விஸார்டின் செலவில்லாத ஃபயர் போல்ட் 2டி10, சராசரி 11தான். அகோனைஸிங் பிளாஸ்ட் எடுக்க மறந்த வார்லாக் கையில் வில் இல்லாத வில்லாளி மாதிரி. தூரத்தில் நின்று சுடுவது மட்டும் பிடிக்கும் என்றால் அதையே எடுங்கள், தப்பில்லை.

"புதியவர்களுக்கு சோர்சரர்தான் சுலபம், மந்திரம் குறைவு" என்று பலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. 5-ஆம் லெவலில் சோர்சரருக்குத் தெரிந்தது ஆறே மந்திரம், லெவல் ஏறும்போது அதில் ஒன்றைத்தான் மாற்றலாம். எது உதவும், எது உதவாது என்று தெரியாத ஒருவர்தான் இந்த ஆறையும் தேர்ந்தெடுக்கிறார். டிராகோனிக் பிளட்லைன் பிரிவை எடுத்துவிட்டு மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரத்தையும் எடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அந்தப் பிரிவுக்கு 13+டெக்ஸ்டெரிட்டி ஏசி (எதிரியின் அடி படாமல் தப்ப உதவும் பாதுகாப்பு எண்) சும்மாவே கிடைக்கிறது, மேஜ் ஆர்மர் தருவதும் அதே கணக்குதான். ஆறில் ஒன்று வீண், அதைத் திருத்த அடுத்த லெவல் வரை காத்திருக்க வேண்டும். விஸார்ட் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அன்று ஒருநாள்தான் நஷ்டம். லாங் ரெஸ்ட் (இரவுத் தூக்கம்) முடிந்ததும் புத்தகத்திலிருந்து வேறு மந்திரங்களைத் தயார் செய்துகொள்ளலாம்.

சோர்சரரிடம் உண்மையிலேயே நல்ல விஷயம் கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல் உறுதியால் தாக்குப்பிடிக்கும் பகடைச் சோதனை). அடி வாங்கும்போது கான்சன்ட்ரேஷன் (நீடிக்கும் மந்திரத்தைத் தாங்கும் கவனம்) உடையாமல் இருக்க 10 அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, எது அதிகமோ அதை எட்ட வேண்டும். கான்ஸ்டிடியூஷன் 14 என்றால் சோர்சரருக்கு +5, விஸார்டுக்கு +2. குறி 10 ஆக இருக்கையில் ஒருவர் 80 சதவீதம் தப்புவார், மற்றவர் 65. ஹேஸ்ட் (நண்பரை வேகமாக்கும் மந்திரம்) போடுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. ட்வின்ட் ஸ்பெல் என்ற சோர்சரர் உத்தியில் மூன்று சோர்சரி புள்ளி செலவழித்து இரண்டு பேருக்கு ஹேஸ்ட் போட்டுவிட்டு நடுவில் உடைந்தால், இருவருமே ஒரு முறை நகராமல், எதுவும் செய்யாமல் நிற்க வேண்டியதுதான்.

பலாடினும் ரோக்கும் எதிரியை ஒட்டி நின்று சண்டை போடுவார்கள். ஃபயர்பால் 20 அடி ஆரத்துக்குள் நண்பரையும் சேர்த்துச் சுடும், 8டி6, சராசரி 28. சோர்சரர் கேர்ஃபுல் ஸ்பெல் என்ற உத்தியோடு அதைப் போட்டால் நண்பர்கள் சேவ்-இல் தானாக ஜெயிப்பார்கள். ஆனால் ஃபயர்பாலில் சேவ் ஜெயித்தாலும் பாதிச் சேதம் உண்டு, அதாவது 14. முப்பத்துச் சொச்சம் உயிர்ப்புள்ளி உள்ள ரோக்குக்கு அது கிட்டத்தட்ட பாதி உயிர். இவோகேஷன் விஸார்டின் ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் திறன் அப்படியல்ல. 3-ஆம் நிலை ஃபயர்பாலில் நான்கு பேரைக் குறிப்பிடலாம், அவர்கள் மேல் பொறிகூடப் படாது. புள்ளிச் செலவும் இல்லை. இவோகேஷன் பிரிவைச் சொன்னதற்குக் காரணம் இது ஒன்றே.

இனி விஸார்டின் மந்திரப் புத்தகம். தொடக்கத்தில் ஆறு, பிறகு லெவலுக்கு இரண்டு, ஆக 14 மந்திரம். இதில் பலர் சறுக்குகிறார்கள்: 5-ஆம் லெவல் என்பதால் 3-ஆம் நிலை மந்திரங்களையே வரிசையாக எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு லெவலிலும் அப்போது ஸ்லாட் இருந்த நிலை வரைதான் எடுக்க முடியும். எனவே 3-ஆம் நிலையில் அதிகபட்சம் இரண்டு, 2-ஆம் நிலையில் நான்கு, மீதி எட்டும் முதல் நிலை. இன்டெலிஜென்ஸ் 18 இருந்தால் 5+4, ஒன்பதைத் தயார் செய்யலாம். என் பட்டியல்: ஃபயர்பால், கவுண்டர்ஸ்பெல், மிஸ்டி ஸ்டெப், வெப், சஜஷன், இன்விசிபிலிட்டி, மேஜ் ஆர்மர், ஷீல்ட், மேஜிக் மிஸைல். இதில் வெப், சஜஷன், இன்விசிபிலிட்டி மூன்றும் கான்சன்ட்ரேஷன், ஒரு நேரத்தில் ஒன்றுதான். மீதி ஐந்து இடத்தில் ரிச்சுவல்களை எழுதுங்கள்: ஃபைண்ட் ஃபெமிலியர், டிடெக்ட் மேஜிக், ஐடென்டிஃபை, காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸ், அலார்ம். இவற்றைத் தயார் செய்யவே வேண்டாம். புத்தகத்தைப் பார்த்து வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் ஸ்லாட் செலவில்லாமல் போடலாம். ஐடென்டிஃபைக்கு 100 தங்கம் மதிப்புள்ள முத்து தேவை, அது செலவாகாது. ஃபைண்ட் ஃபெமிலியருக்கு ஒவ்வொரு முறையும் 10 தங்கம் கரியாகும், நிஜமாகவே கரிதான், தூபத்தோடு எரிந்துபோகும்.

வழியில் கிடைக்கும் ஸ்க்ரோலை (மந்திரம் எழுதிய சுருள்) புத்தகத்தில் ஏற்ற, மந்திரத்தின் ஒவ்வொரு நிலைக்கும் 2 மணி நேரமும் 50 தங்கமும் ஆகும். இவோகேஷன் மந்திரத்துக்கு மட்டும் உங்களுக்கு இரண்டும் பாதி. ஆர்க்கேனா (மந்திர அறிவு) சோதனையில் 10+நிலை எட்ட வேண்டும். எட்டினாலும் எட்டாவிட்டாலும் ஸ்க்ரோல் போய்விடும். ஸ்க்ரோல் கிடைக்க வாய்ப்புண்டா என்று டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவர்) முன்பே கேட்டு வையுங்கள்.

ஃபைட்டர் பழக்கத்தில் முன்னால் போய் நின்றுவிடாதீர்கள். விஸார்டின் உயிருக்கு ஆறுமுகப் பகடைதான், அதற்காக முருகன் வந்து காப்பாற்றுவார் என்று இருக்க முடியாது. கான்ஸ்டிடியூஷன் 14 வைத்தாலும் 32 உயிர்ப்புள்ளி. அதே எண்ணோடு ஃபைட்டருக்கு 44 இருந்திருக்கும். டெக்ஸ்டெரிட்டி 14 என்றால் மேஜ் ஆர்மரோடு ஏசி 15. ஷீல்ட் மந்திரம் அதை உங்கள் அடுத்த முறை வரும்வரை 20 ஆக்கும். அதனால் முதல் நிலை ஸ்லாட்டில் இரண்டையாவது ஷீல்டுக்கென்று தொடாமல் வையுங்கள்.

குழுவில் கிளெரிக் இருப்பதால் க்யூர் வூண்ட்ஸ் (காயம் ஆற்றும் மந்திரம்) பற்றிக் கவலை இல்லை. இந்த மூவரின் அடிப்படைப் பட்டியலிலும் அது கிடையாது.

டிஎம் 2024 விதிகளுக்கு மாறினால் திரும்ப யோசியுங்கள். அங்கே 5-ஆம் லெவலில் சோர்சரருக்கும் ஒன்பது மந்திரம், விஸார்டுக்கும் ஒன்பது. வார்லாக் ஒரு நிமிடச் சடங்கில் நாளுக்கு ஒருமுறை பாதி ஸ்லாட்டை மீட்டுக்கொள்கிறார். சோர்சரருக்கு எதிராக நான் மேலே சொன்னதில் பெரும்பகுதி அங்கே நிற்காது.