நிறம் வந்தும் ஜெல் இறுகாதது ஏன்?

வணக்கம். வெள்ளி நைட்ரேட் சேர்த்த பாலிவினைல் ஆல்கஹால் (நீரில் கரையும் ஒரு பாலிமர்) கரைசலுக்கு 25 கிலோகிரே (கதிர் அளவின் அலகு) காமா கதிர் கொடுத்தும், மஞ்சள் நிறம் வந்ததே தவிர ஜெல் இறுகாமல் வழிகிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் ஊற்றிய ஐசோபுரோப்பனால்தான் காரணம் என்பேன். கதிர் பட்ட நீரில் பிறக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளே (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட, துடிப்பான OH துண்டுகள்) பாலிமர்ச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து, சங்கிலிகளை ஒன்றோடொன்று கோத்து ஜெல்லாக்கும் குறுக்குப் பிணைப்புக்கு வழிவிடுகின்றன. ஐசோபுரோப்பனால் முந்திக்கொண்டு அவற்றை விழுங்கிவிடுகிறது. வெள்ளி அயனியை ஒடுக்கி, மஞ்சள் நிறம் தரும் வெள்ளி நுண்துகளாக்குவதோ, கதிர் பட்ட நீரில் பிறக்கும் இன்னொன்றான நீரேறிய எலக்ட்ரான் (நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த எலக்ட்ரான்). அதனால் நிறத்துக்குக் குறைவில்லை.

ஐசோபுரோப்பனாலை அடியோடு விட்டுவிடுங்கள். ஹைட்ராக்சிலைப் பிடிக்கும் வேலையைப் பாலிமரே பார்த்துக்கொள்ளும். குறுக்குப் பிணைப்பைத் தடுக்கும் ஆக்சிஜனை விரட்ட, கதிருக்கு அனுப்புமுன் கரைசலுக்குள் நைட்ரஜனைக் குமிழவிட்டுக் குப்பியை இறுக மூடுங்கள். மேற்பரப்பு மட்டும் வழவழவென்று இருந்தால் ஆக்சிஜன் புகுந்திருக்கிறது. முக்கியமாக, ஜெல்லை உப்புநீரில் கழுவாதீர்கள். மிஞ்சிய வெள்ளி அயனி வெள்ளி குளோரைடாகப் படிந்து, ஜெல் பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனையைக் குழப்பிவிடும்.