கத்திரி வெயிலும் தோலும்: வாசகர் கேள்வி பதில்

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய பேச்சு ஒன்று உண்டு. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கேலி சுருக்கென்று உறைக்கும். அக்னி நட்சத்திரம் நெருங்குவதால் இந்த மாதக் கடிதங்கள் பெரும்பாலும் தோலைப் பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

காட்பாடியிலிருந்து பாகாயத்துக்குத் தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறேன். எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீனைக் காலையில் தவறாமல் போடுகிறேன். ஆனாலும் முகம், கழுத்து, கை எல்லாம் கருத்துக்கொண்டே போகிறது. 100 என்று போட்டதை வாங்கலாமா?
– வாசகி, காட்பாடி

வேண்டாம், காசுக்குக் கேடு. எஸ்.பி.எஃப். என்பது வெயிலைத் தடுக்கும் திறனைச் சொல்லும் எண். அது 15 உள்ள கிரீம், தோலைச் சுட்டெரிக்கும் புற ஊதா பி கதிர்களில் 93 சதவீதத்தைத் தடுக்கிறது. 30 போட்டால் 97, 50 போட்டால் 98. அதற்கு மேல் எண் ஏற ஏற விலைதான் ஏறுமே தவிர, பெரிய லாபம் கிடையாது.

கோளாறு நீங்கள் போடும் அளவில் இருக்கலாம். டப்பாவில் அச்சடித்த எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்று தடவிச் சோதித்த எண். நம்மில் பலர் அதில் பாதிகூடப் போடுவதில்லை. அளவு பாதியானால் பாதுகாப்பும் பாதியாகவோ அதற்கும் கீழேயோ போய்விடும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடாகப் பிதுக்கிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரே தடவையில் அப்பினால் திட்டுத் திட்டாக நிற்கும் என்பதால் ஒரு விரல் அளவைத் தடவி, அது காய்ந்ததும் அடுத்ததைத் தடவலாம். காது மடலும் பின்கழுத்தும்தான் எல்லோரும் மறக்கிற இடம்.

வீட்டிலேயே சரிபார்க்க ஒரு கணக்கு சொல்கிறோம். இந்த அளவில் நாளுக்கு ஒரு முறை போட்டாலே 50 கிராம் டியூப் ஆறு வாரத்தில் தீர வேண்டும். உங்களுக்கு மூன்று மாதம் ஓடுகிறதென்றால், பூசுவது பேருக்குத்தான்.

கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். காலை எட்டு மணிக்குப் போட்டது மாலை வீடு திரும்பும்போது முகத்தில் இருக்காது. வியர்வையும் கைக்குட்டையும் துடைத்திருக்கும். வெளியில் இருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும். நாள் முழுக்க அலுவலகத்துக்குள் இருப்பவர் மதியம் போடாவிட்டாலும், மாலை வண்டியை எடுக்கும்முன் முகம் கழுவித் துடைத்து இன்னொரு முறை போட்டால் போதும். டப்பாவில் எஸ்.பி.எஃப். மட்டும் பார்க்காமல் பி.ஏ. (PA) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். தோலைக் கருக்க வைப்பதில் பெரும்பங்கு புற ஊதா ஏ கதிருக்கு. அதைத் தடுக்கும் திறனைச் சொல்வது அந்தக் குறிகள்தான்.

கைகளுக்குக் கிரீமே வேண்டாம். ஹேண்டில் பிடித்த நிலையில் புறங்கையும் முன்கையும் நேராக வானத்தைப் பார்த்து இருக்கின்றன. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு முகத்தைவிடக் கை அதிகம் கருப்பது இதனால்தான். முழங்கைவரை வரும் பருத்திக் கையுறையோ முழுக்கைச் சட்டையோ, எந்தக் கிரீமையும்விட நன்றாக வேலை செய்யும், வியர்வையில் வழியவும் வழியாது. முகத்தை மூடும் ஹெல்மெட்டின் பாலிகார்பனேட் கண்ணாடி புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும். ஆனால் சிக்னலில் எல்லோரும் அதைத் தூக்கி விட்டுக்கொள்கிறோமே!

அணைக்கட்டுப் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) களையெடுப்பு, பிடுங்குகிற வேலை. சன்ஸ்கிரீன் வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வேறு வழி உண்டா?
– வாசகர், அணைக்கட்டு

உண்டு, அதுதான் முதல் வழியும். நேரம், நிழல், துணி, இந்த மூன்றும் பார்த்த பிறகு மிச்சம் திறந்து கிடக்கும் இடத்துக்குத்தான் கிரீம்.

நேரத்தை அறியக் கடிகாரம் வேண்டாம், உங்கள் நிழலே போதும். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் உக்கிரமாக இருக்கிறது. வேலூர் மாவட்டத்துக்கு ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேர்மேலே வருகிறது. அந்த நாட்களில் காலை 9 மணிக்குச் சற்றுப் பின்பிருந்து மாலை 3.15 வரை நிழல் குட்டைதான். உச்சிவேளையும் சரியாகப் பன்னிரண்டு அல்ல, 12.10 வாக்கில். மார்கழியில்கூட 10.20 முதல் 2 மணிவரை நிழல் ஆளைவிடக் குட்டையாகவே விழும், குளிர்காலம்தானே என்று விட முடியாது. விடியற்காலை ஐந்தரைக்கே கொல்லைக்குப் போய், பத்து மணிக்குக் கரையேறி, மூன்றரைக்கு மேல் மீதி வேலையைப் பார்ப்பதாகக் கூலி பேசிக்கொள்ள முடிந்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை.

துணியைப் பொறுத்தவரை நெசவின் நெருக்கம்தான் முக்கியம். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். ஊசி முனை ஊசி முனையாக வெளிச்சம் தெரிந்தால் அந்த ஓட்டைகள் வழியே வெயிலும் வரும். பழைய வெளுத்த வேட்டித் துண்டு, வலைபோன்ற துப்பட்டா, மெல்லிய வெள்ளை பனியன் எல்லாம் இந்தச் சோதனையில் தோற்கும். குடியாத்தம் கைலி போல நெருக்கமாக நெய்த பருத்தி தேறும். அடர் நிறம் புற ஊதாவை அதிகம் உறிஞ்சும், ஆனால் சூடாக இருக்கும். அதனால் சட்டையைத் தொளதொளவென்று தைத்துக்கொள்ளுங்கள்; உள்ளே காற்று ஓட வேண்டும். வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிய பருத்தித் துணி, காய்ந்திருந்தபோது தடுத்த அளவுக்குத் தடுக்காது. மதியத்துக்கு மாற்றுச் சட்டை ஒன்று கொண்டுபோவது அதனால்தான் நல்லது.

தலைக்கு முண்டாசு கட்டினால் உச்சந்தலை தப்பும், மூக்கும் கன்னமும் தப்பாது. சுற்றிலும் நான்கு விரல் அகல ஓரம் உள்ள ஓலைத் தொப்பி அந்தக் குறையைத் தீர்க்கும். குனிந்து களையெடுக்கிற பெண்களுக்கு வெயில் படும் இடம் முகம் இல்லை, பிடரியும் முதுகின் மேல்பகுதியும். ரவிக்கைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வது சரியான பழக்கம்.

வெயிலில் கருத்ததற்கு எலுமிச்சைச் சாறு தேய்த்துக்கொண்டு வெளியே போனேன். இரண்டு நாளில் கன்னத்தில் எரிந்து, இப்போது கருப்பாகக் கோடு விழுந்திருக்கிறது.
– வாசகி, பேரணாம்பட்டு

சாறும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை இது. எலுமிச்சையில் உள்ள ஃபியூரோகூமரின் என்ற பொருள் தோலில் இருக்கும்போது புற ஊதா ஏ கதிர் பட்டால் தோல் வெந்துபோகும். உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் எரிச்சல் வரும். சாறு வழிந்த தடத்திலேயே கறை விழுவதால்தான் கோடு கோடாக இருக்கிறது. சோடாக் கடையில் நாள் முழுக்க எலுமிச்சை பிழிகிறவர்களின் புறங்கையிலும் விரலிடுக்கிலும் இதே கறையைப் பார்க்கலாம். அவர்கள் வெயிலில் இறங்கும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். உங்கள் கறை சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாக மங்கும். அதன்மேல் வேறு எதையும் தேய்க்காதீர்கள். மஞ்சள், சந்தனம், தேங்காய் எண்ணெய் எதுவும் வெயிலுக்குத் தடுப்பு ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

கன்னத்தில் மங்கு. மருந்துக் கடையில் கொடுத்த கிரீமில் பத்தே நாளில் வெளுத்தது. நிறுத்தினால் முன்னைவிட மோசம், முகம் சிவந்து எரிகிறது.
– வாசகி, ஆம்பூர்

டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் வெளுக்கும், பிறகு தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், வெயில் பட்டாலே எரியும். நிறுத்தியதும் பொங்கிவருவதால் மறுபடி அதையே தேடிப் போவார்கள். இந்தச் சுழலிலிருந்து தனியாக வெளியே வருவது கஷ்டம். டியூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள், படிப்படியாகக் குறைக்க அவர் வழி சொல்வார். கடையில் பெயர் சொல்லி இன்னொரு டியூப் வாங்க வேண்டாம்.

மங்குக்கு இன்னொரு விஷயமும் உண்டு. நம் நிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கூட்டும், சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் கேட்டு வாங்குங்கள். வெள்ளை பூசியதுபோல நிற்கும் தொல்லையும் அதில் குறைவு. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

வெயிலில் விளையாடும் என் மகனுக்கு (9 வயது) கன்னத்தில் வெளிறிய திட்டு. பூச்சி என்கிறார்கள்.
– வாசகர், ஆற்காடு

வயிற்றுப் பூச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிள்ளைகளின் கன்னத்தில் ஓரம் தெளிவில்லாமல், லேசாகச் சொரசொரவென்று வரும் திட்டு பெரும்பாலும் தோல் வறட்சி. சுற்றியுள்ள தோல் வெயிலில் கருக்கும்போது அது பளிச்சென்று தெரிகிறது. வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தினம் இரு வேளை, விளையாடப் போகும்போது தொப்பி, சில மாதம் பொறுமை. மார்பு, முதுகில் வந்து நகத்தால் சுரண்டினால் தவிடு போல உதிர்ந்தால் அது தேமல். அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். தேமல் ஆறிய பிறகும் நிறம் திரும்ப மாதங்கள் ஆகலாம்.

ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள். பையன் கண்ணை மூடிக்கொள்ளட்டும். பஞ்சுத் திரியால் திட்டையும் பக்கத்துத் தோலையும் மாற்றி மாற்றித் தொட்டு, எங்கே படுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். திட்டில் உணர்ச்சி மந்தமாக இருந்தால் தொழுநோயா என்று பரிசோதிக்க வேண்டும். கரிகிரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டலாம். மருந்து இலவசம். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் சாப்பிட்டால் முழுக்கக் குணமாகும், பயப்பட ஒன்றுமில்லை.

ஏலகிரிக்குப் போனோம், சில்லென்றுதான் இருந்தது. ஆனாலும் மூக்கு உரிந்துவிட்டது, எப்படி?
– வாசகர், வாணியம்பாடி

தோலைச் சுடுவது சூடு அல்ல, கதிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஏலகிரி 1,100 மீட்டர் வாக்கில் இருக்கிறது. குளிர்காற்று எரிச்சலை மறைத்துவிடுவதால் நிழலுக்கு ஒதுங்கத் தோன்றாது. மெல்லிய மேகமும் பெரிதாகத் தடுக்காது. உரிந்த இடத்தில் ஈரத்துணி ஒத்தடம், சாதாரண மாய்ஸ்சரைசர் போதும். ஐஸ் கட்டியும் பற்பசையும் கூடாது, கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். காய்ச்சல், வாந்தி, குழப்பமான பேச்சு சேர்ந்தால் 108.

முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை சாப்பிடுகிறேன். பத்து நிமிட வெயிலிலேயே முகம் சிவக்கிறது.
– வாசகர், ராணிப்பேட்டை

அந்த மாத்திரையின் குணம் அது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, படர்தாமரைக்குத் தரும் கிரிசியோஃபுல்வின் இவையும் அப்படியே. நீங்களாக நிறுத்தாமல் எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை முழுக்கைச் சட்டையும் குடையும்.

நான்கு மாதக் குழந்தைக்கு சன்ஸ்கிரீன் போடலாமா?
– வாசகி, குடியாத்தம்

ஆறு மாதம் ஆகும்வரை வேண்டாம். நிழல், மெல்லிய முழு உடுப்பு, கருப்புக் குடை. கோயிலுக்குப் போவதென்றால் காலை எட்டரைக்குள் போய்த் திரும்பிவிடுங்கள்.

சன்ஸ்கிரீனை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கெட்டுப்போகுமா?
– வாசகர், சத்துவாச்சாரி

போகும். வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கி அடுப்பு மாதிரி கொதிக்கும். பெரும்பாலான டப்பாக்களில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி எழுதியிருக்கும். பிதுக்கும்போது தண்ணீரும் எண்ணெயும் தனித்தனியாக வந்தாலோ, மணம் மாறியிருந்தாலோ, தேதி மிச்சமிருந்தாலும் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதை அலுவலக மேசை இழுப்பறையில் வையுங்கள்.