மண்வெட்டியை மண்வெட்டி என்றவர் யார்?

கேள்வி: எங்கள் மேலாளர் யாரையாவது கடிந்துகொள்ளும் முன் ‘ஐ கால் எ ஸ்பேட் எ ஸ்பேட்’ என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். சீட்டுக்கட்டில் வரும் இஸ்பேடுக்கும் நேர்மைக்கும் என்ன தொடர்பு?

பதில்: ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சீட்டுக்கட்டின் ஸ்பேட், வாளைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. உங்கள் மேலாளர் சொல்வதோ தோட்டத்தில் மண் வெட்டும் கருவி. பூசி மெழுகாமல், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுபவன் நான் என்பதே அவர் சொல்ல வருவது. ஆனால், அந்தத் தொடர் முதலில் யாரைக் காப்பாற்றச் சொல்லப்பட்டது என்று தெரிந்தால் அவர் சற்றுத் தயங்குவார்.

கி.மு. 348-இல், அலெக்சாந்தரின் தந்தையான மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப், ஒலிந்தஸ் என்ற கிரேக்க நகரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினார். நகரைக் காட்டிக்கொடுத்தவர்கள் அதன் தளபதிகளே என்றும், அவர்களுள் லாஸ்தனிஸ் என்பவர் மாசிடோனியாவிலிருந்து வந்த மரத்தைக் கொண்டு தம் வீட்டுக்குக் கூரை வேய்ந்துகொண்டார் என்றும் ஏதென்ஸின் புகழ்பெற்ற பேச்சாளர் டெமாஸ்தனிஸ் சாடினார். இந்த லாஸ்தனிஸின் கூட்டத்தார், பிலிப்பின் ஆட்கள் தங்களைத் துரோகிகள் என்று அழைப்பதாக மன்னரிடமே மனம் நொந்து முறையிட்டபோது, “மாசிடோனியர்கள் நயம் அறியாத பட்டிக்காட்டார், தொட்டியைத் தொட்டி என்றுதான் சொல்வார்கள்” என்று அவர் பதிலளித்ததாகப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். துரோகத்தை விலைகொடுத்து வாங்கியவர், அதை விற்றவர்களுக்குச் சொன்ன சமாதானம் இது! விற்றவர்களை அவருடைய ஆட்கள் சரியான பெயரிட்டே அழைத்தார்கள். வாங்கியவருக்கு என்ன பெயர் என்ற பேச்சை மட்டும் பிலிப் எடுக்கவில்லை. பிறரைப் பற்றி மட்டும் உடைத்துப் பேசும் அதிகாரிகளுக்கு இவரைவிடப் பழைய முன்னோடி கிடைப்பது அரிது.

கிரேக்க மூலத்தில் இருந்த தொட்டியை மண்வெட்டியாக்கியவர் டச்சு அறிஞர் எராஸ்மஸ். பழங்காலத்தவரின் கூற்றுகளைத் திரட்டி 1531-இல் அவர் வெளியிட்ட இலத்தீன் தொகுப்பில், தொட்டிக்குப் பதிலாக மண் வெட்டும் கருவியின் பெயர் இடம்பெற்றது. அதை நிக்கலஸ் யூடால் 1542-இல் ஆங்கிலமாக்கினார். (முந்தைய ஆண்டில்தான் அவர், இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் நடந்த திருட்டு ஒன்று குறித்து விசாரிக்கப்பட்டு, தலைமையாசிரியர் பதவியை இழந்திருந்தார். நேர்மையைப் பற்றிய தொடர்கள் எவர் எவர் கைவழியாகவெல்லாம் வருகின்றன, பாருங்கள்.) யூடாலின் வாசகத்திலும் பாராட்டு இல்லை, மண்வெட்டிக்கு வேறு பெயர் சொல்லும் அளவுக்கு அறிவில்லாத முரடர்கள் என்றே மாசிடோனியரை அது வர்ணிக்கிறது. பிற்காலத்து ஆங்கிலேயர்தான் அந்த ஏளனத்தைப் பாராட்டாக மாற்றிக்கொண்டார்கள்.

உங்கள் மேலாளருக்கு எச்சரிக்கை ஒன்றும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் ‘ஸ்பேட்’ அமெரிக்காவில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் கொச்சைச் சொல்லாகவும் வழங்கியது. அந்தப் பொருள் பிறந்தது சீட்டுக்கட்டின் கறுப்பு இஸ்பேடிலிருந்தே தவிர, இந்தத் தொடரிலிருந்து அன்று. ஆயினும் கேட்பவர் அந்த வேறுபாட்டை ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார் என்பதால், அங்குள்ள பலர் இத்தொடரையே தவிர்க்கிறார்கள். அமெரிக்க வாடிக்கையாளருடன் பேசும் கூட்டங்களிலாவது அவர் வேறு சொற்களில் கடிந்துகொள்வது நல்லது.