கிணற்றுக் கல்லில் சிப்பிகள்

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது சிப்பிகள் பதிந்த வெண்கல் கிடைத்தது. இங்கே முன்பு கடல் இருந்ததா? மணப்பாட்டுக் குன்றும் இதே கல்தானா?
- வாசகர், திசையன்விளை

பதில்: அவை கடல்வாழ் சிப்பிகளாயின், அந்தக் கல் கடலோரத்திலோ ஆழம் குறைந்த கடலிலோ படிந்த சுண்ணாம்புக்கல் என்று கொள்ளலாம், கூடங்குளம் வட்டாரத்திலும் சிப்பிச் சுண்ணாம்புக்கல் உண்டு. ஆனால் சிப்பி இருப்பதைவிட, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம். இரண்டு ஓடுகளும் பிரியாமல் மூடியிருந்தால், அந்த உயிரினம் வாழ்ந்த இடத்திலோ அதற்கு மிக அருகிலோ விரைவில் புதைந்திருக்கும். ஓடுகள் உடைந்து, தேய்ந்து, ஒரே அடுக்கில் குவிந்திருந்தால், அவற்றை அலையோ புயலோ வேறிடத்திலிருந்து வாரிச் சேர்த்திருக்கும். ஆகவே, தயவுசெய்து கல்லை உடைக்குமுன் அது கிடைத்த ஆழத்தையும் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதையும் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத கல் தன் வரலாற்றில் பாதியை இழந்துவிடுகிறது.

மணப்பாட்டுக் குன்று, கரையோர மணல் சுண்ணாம்பால் பிணைக்கப்பட்டு இறுகிய மணற்கல். இத்தகைய கல்லில் அடுக்குகளின் சாய்வைக் கவனியுங்கள்: காற்று குவிக்கும் மணல்மேட்டின் மறைவுச் சரிவில் (காற்று வீசும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கச் சரிவில்) மணல் ஏறத்தாழ 30 பாகை வரை சாய்ந்து படியும், அலை தழுவும் கரையிலோ சாய்வு மிகக் குறைவு.

தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடான குதிரைமொழித் தேரியின் மணலும் காற்று சேர்த்ததே. துகள்களைப் போர்த்திய இரும்பு ஆக்சைடு அதற்கு நிறம் தந்தது. எனினும் அது இன்னும் கல்லாக இறுகவில்லை.