ரோமில் காசில்லாமல் எதைப் பார்ப்பது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகளின் குடும்பத்தைப் பார்க்க இத்தாலி போகிறோம். ரோமில் மூன்று நாள் நிற்போம். நுழைவுக் கட்டணங்களை ரூபாவில் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. சும்மா பார்க்கக்கூடியது ஏதும் உண்டா?
– வாசகி, உவர்மலை

பதில்: தாராளமாக உண்டு. ரோமில் காசு கேட்பது அருங்காட்சியகங்கள்தான். தேவாலயங்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. நல்ல சரக்கில் பாதி அவற்றுக்குள்தான் இருக்கிறது.

சாந்தா மரியா தெல் போப்போலோ தேவாலயத்தில் தொடங்குங்கள். பலிபீடத்துக்கு இடப்பக்கச் சிற்றாலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் ஓவியங்கள் இரண்டு. அங்கிருந்து இருபது நிமிட நடையில் சான் லூயிஜி தேய் பிரான்செசி தேவாலயம். அங்கே இடப்பக்கத்துக் கடைசிச் சிற்றாலயத்தில் இயேசுவின் சீடர் மத்தேயுவைப் பற்றிக் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று ஓவியங்கள். உள்ளே இருட்டு. பக்கத்தில் உள்ள பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். சில்லறை இல்லாவிட்டால் வேறு யாராவது போடும்வரை நில்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பாதிப்பேர் அப்படித்தான் நிற்கிறார்கள். இடச்சுவர் ஓவியத்தில் வெளிச்சம் வலப்பக்கமிருந்து விழும். சிற்றாலயத்தின் நிஜ யன்னலும் அந்தப் பக்கந்தான். அருங்காட்சியகச் சுவரில் மாட்டியிருந்தால் இது பிடிபடாது.

பிறகு சாந்த் இஞ்ஞாசியோ தேவாலயம். மேலே தெரியும் குவிமாடம் பொய். கட்டாமல் விட்ட இடத்தில் 1685இல் ஆந்திரேயா போஸ்ஸோ துணியில் வரைந்து மாட்டியது அது. தரையில் பதித்த வட்டக்கல்லில் நின்றால் நிஜம் போலத் தெரியும், தள்ளிப்போகப் போகச் சரியும். கூரையைப் பார்க்க ஒரு கண்ணாடியும் வைத்திருக்கிறார்கள். அதன்முன் படம் எடுக்க நீண்ட வரிசை நிற்கும். அது வேண்டாம், கழுத்தை நிமிர்த்தினால் போதும். கொலோசியம் பக்கம் போகும் நாளில் சான் பியேத்ரோ இன் வின்கோலி தேவாலயத்தில் மைக்கலாஞ்சலோவின் மோசே சிலையையும் பார்த்துவிடுங்கள்.

பலர் ஏமாறுவது நேரத்தில். உச்சிக்காலப் பூசை முடிய நம் கோயில்களில் நடை சாத்துவது போல, அங்கே பல தேவாலயங்கள் பகல் 12.30 அளவில் பூட்டி, 3.30 அல்லது 4 மணிக்குத்தான் திறக்கும். தேவாலயங்களைக் காலையில் முடித்துவிட்டு, நடுப்பகலைச் சதுக்கங்களுக்கு ஒதுக்குங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சப்பாத்தைக் கழற்றத் தேவையில்லை, தொப்பியை ஆண்கள் கழற்ற வேண்டும்.

பழைய ரோமக் கோயிலான பன்தியோனுக்குச் சும்மா போகலாம் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2023 ஜூலையில் 5 யூரோக் கட்டணம் வைத்துவிட்டார்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை எல்லாம் இலவசம் என்கிறார்களே?
– வாசகர், பாலையூற்று

பதில்: எல்லா ஞாயிறும் அல்ல. மாதத்தின் முதல் ஞாயிறு, இத்தாலிய அரசின் அருங்காட்சியகங்கள் இலவசம். கொலோசியமும் பன்தியோனும் அதற்குள் வரும். ஆனால் கொலோசியத்துக்கு அன்று இணையத்தில் முன்பதிவு கிடையாது; இலவச நுழைவுச்சீட்டையும் வரிசையில் நின்றுதான் எடுக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, எந்த நாட்டவராயினும், அரசு அருங்காட்சியகங்கள் எந்த நாளும் இலவசம். வயதைக் காட்டக் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

வத்திக்கான் தனி நாடு, அதன் கணக்கும் தனி. அங்கே அருங்காட்சியகம் இலவசமாவது மாதத்தின் கடைசி ஞாயிறு, காலை 9 முதல் பிற்பகல் 2 வரை, 12.30க்குப் பின் உள்ளே விடமாட்டார்கள். வரிசை மதிலைச் சுற்றி நீளும். மூன்றே நாள் நிற்பவர்கள் அதில் அரைநாளைக் கரைப்பது நட்டம் என்பதே எங்கள் எண்ணம்.

கொலோசியத்தை வெளியே நின்று பாருங்கள். பழைய ரோமின் மையச் சதுக்கமான ரோமன் போரத்தின் இடிபாடுகளைப் பார்க்க, கம்பிதோலியோ சதுக்கத்துக்கு ஏறி, நகரசபை மாளிகையின் வலப்பக்கத்தால் பின்னால் போங்கள். பேரரசர் செவேருஸின் வெற்றி வளைவு காலடியில், சாத்தர்ன் கோயிலின் எட்டுத் தூண்கள் பக்கத்தில், கொலோசியம் தூரத்தில். மாலையில் போனால் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், படமும் நன்றாக விழும்.

கேள்வி: எங்கள் பங்கிலிருந்து திருயாத்திரையாக ஒரு குழு போகிறது. திருத்தந்தையைக் காணக் கட்டணம் உண்டா?
– வாசகி, திருகோணமலை நகர்

பதில்: இல்லை. புதன்கிழமைப் பொதுச் சந்திப்புக்கு அனுமதிச்சீட்டு இலவசம். முதல்நாள் பிற்பகல் 3 மணிக்குப் பின், புனித இராயப்பர் (பேதுரு) சதுக்கத்தின் வெண்கலக் கதவில் நிற்கும் வத்திக்கானின் சுவிஸ் காவலரிடம் வாங்கலாம். குழுவென்றால் பங்குத்தந்தை முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது. அந்தச் சீட்டைக் காசுக்கு விற்பவரிடம் வாங்காதீர்கள். ஞாயிறு நண்பகல் மூவேளைச் செபத்துக்குச் சீட்டே வேண்டாம். ஜூலையில் புதன் சந்திப்பு வழக்கமாக இராது.

புனித இராயப்பர் பேராலயத்துக்குள் போவதும் இலவசம். குவிமாடத்தில் ஏறத்தான் காசு. காலை 7 மணிக்குத் திறக்கும், அப்போதே போனால் சோதனை வரிசை குறைவு. புதன் காலையில் சந்திப்பு நடக்கும்போது பேராலயம் பூட்டியிருக்கும்.

கேள்வி: தண்ணீருக்கே காசு கரைந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், மூதூர்

பதில்: போத்தல் ஒன்றைக் கொண்டுபோங்கள். ரோம் வீதிகளில் 1870களிலிருந்து வைத்துவரும் இரும்புத் தண்ணீர்க் குழாய்கள் சுமார் 2,500 உள்ளன. நீர் ஓயாமல் ஓடும்; குடிக்க நல்லது, குளிர்ச்சியானது. குனிந்து வாய் வைக்காதீர்கள். குழாயின் நுனியை விரலால் அடைத்தால், அதன் மேல்வளைவில் உள்ள சிறு துளையால் நீர் மேலே பாயும். அழுத்தம் அதிகம் என்பதால் தள்ளி நின்று அடையுங்கள், இல்லாவிட்டால் முகம் நனையும். ‘நொன் பொத்தாபிலே’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

கேள்வி: இலவச நடைச் சுற்றுலா நம்பலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: போகலாம், ஆனால் முடிவில் வழிகாட்டி அன்பளிப்பை எதிர்பார்ப்பார்; அதுதான் அவருடைய வருமானம். கையில் நூல் கட்ட வருபவர், ரோஜா நீட்டுபவர், படைவீரர் வேடத்தில் படமெடுக்கக் கூப்பிடுபவர் மூவரும் பிறகு காசு கேட்பார்கள். கையைச் சட்டைப்பைக்குள் வைத்தபடி நடவுங்கள். ஸ்பானியப் படிக்கட்டில் ஏறலாம், இறங்கலாம், உட்காரக் கூடாது. 2019 முதல் அதற்குத் தண்டம் 250 யூரோ வரை.