கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டால் நோட்டீஸ் வராதா?

கேள்வி: தேனி மாவட்டத்தில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். கூடவே சோப்பு, பிஸ்கட், மசாலா பாக்கெட்டும் விற்கிறேன். நாளொன்றுக்கு ஜிபேயில் 7,000, 8,000 வரும். ரொக்கமாக 4,000 சேரும். ‘ஜிபே வாங்கினால் ஜிஎஸ்டி நோட்டீஸ் வரும்’ என்று பயந்து பக்கத்துக் கடைக்காரர் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டார். தெரிந்த ஏஜென்ட் ஒருவர், என் மனைவி பெயரில் ஒன்று, கல்லூரியில் படிக்கும் மகன் பெயரில் ஒன்று என மூன்று கியூஆர் வைத்துக்கொண்டால் பிரச்சினை வராது என்கிறார். அதற்கு 5,000 ரூபாய் கேட்கிறார். ரொக்கத்துக்கே மாறிவிடட்டுமா?

பதில்: முதலில் அந்த 5,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

இந்தப் பயம் கர்நாடகத்திலிருந்து வந்தது. 2025 ஜூலையில் அங்குள்ள வணிகவரித் துறை, யுபிஐ வரவை மட்டும் வைத்து ஆயிரக்கணக்கான சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு 4 வருடத்தில் வந்த 1.63 கோடி ரூபாய்க்கு, 29 லட்சம் வரி கட்டச் சொல்லி நோட்டீஸ். பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! கடை வாசலில் ஒரு நிமிடம் நின்றிருந்தால் அவர் விற்பது தக்காளியா தங்கமா என்று தெரிந்திருக்கும். பெங்களூரில் பல கடைகளில் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அரசு இறங்கி வந்தது.

ஆனால் அட்டையைக் கழற்றுவதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. இதுவரை வந்த வரவு வங்கிக் கணக்கில் அப்படியேதான் இருக்கும். அதைவிட முக்கியம், சட்டம் பார்ப்பது உங்கள் மொத்த விற்பனையை. கல்லாவில் விழும் ரொக்கமும் அதில் சேரும். பொருள் மட்டும் விற்கும் கடைக்கு வருடத்துக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அந்த வரம்பு நாளொன்றுக்குச் சுமார் 11,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஜிபேயும் ரொக்கமும் சேர்ந்து 11,500 வருகிறது. வருடம் முழுக்கக் கடை திறந்திருந்தால் ஏறக்குறைய 42 லட்சம். ஜிபேயை மட்டும் பார்த்து ‘நாம் 27 லட்சம்தானே’ என்று நினைத்திருப்பீர்கள்.

‘நான் விற்பது காய்கறிதானே, அதற்குத்தான் வரி இல்லையே’ என்று கேட்பீர்கள். இதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். வரி இல்லாத பொருளை மட்டுமே விற்பவர் கோடிக்கு விற்றாலும் பதிவு தேவையில்லை. கத்தரிக்காய், தேங்காய், வாழைப்பழம், பூ, எதுவானாலும் சரி. ஆனால் அதே கடையில் வரி உள்ள பொருள் ஒன்று நுழைந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். அப்போது 40 லட்ச வரம்புக்குச் சோப்பு விற்ற பணத்தை மட்டும் எண்ண மாட்டார்கள், கத்தரிக்காய் விற்ற பணத்தையும் சேர்த்தே எண்ணுவார்கள். வரம்பைத் தாண்டியதா என்று பார்க்க மொத்த விற்பனை, வரி போட சோப்பும் பிஸ்கட்டும் மட்டும். இரண்டும் வேறு வேறு கணக்கு. என்னிடம் வந்த ஒரு காய்கறி வியாபாரி, வாடிக்கையாளர் கேட்டாரே என்று வாசலில் ஷாம்பு பாக்கெட் சரம் தொங்கவிட்டவர். அந்தச் சரத்தின் விலையை விட அதை விளக்க நான் போட்ட பதில் கடிதத்தின் தாள் செலவு அதிகம்.

ஆகவே நீங்கள் பதிவு செய்ய வேண்டியவர். வரம்பு தாண்டிய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பயப்படாதீர்கள், தொகை சின்னது. 1.5 கோடிக்குள் விற்பவருக்குத் தொகுப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. வரி உள்ள பொருளின் விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும், அதை வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது. உங்கள் விற்பனையில் கால் பங்கு சோப்பு, பிஸ்கட், மசாலா என்றால் வருடத்துக்குச் சுமார் 10,500 ரூபாய். வருமான வரி இன்னும் லேசு. கணக்குப் புத்தகம் இல்லாமலே ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டலாம். ஜிபே வாங்கினால் காட்ட வேண்டிய லாபம் குறைவு, பார்த்தீர்களா? உங்களுக்கு அந்த லாபம் 2.8 லட்சம் சொச்சம் வரும். புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை.

சரி, அந்த மூன்று கியூஆர். கடை ஒன்று, கல்லா ஒன்று, பெயர் மட்டும் மூன்று. இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. கண்டுபிடித்தால் உங்களோடு படிக்கிற பையனும் பதில் சொல்ல வேண்டும். இந்த ஏஜென்டுகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. ஜிஎஸ்டி பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. இவர்கள் பதிவு செய்யும்போது தங்கள் செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுகிறார்கள். நோட்டீஸ் அவர்களுக்குப் போகும், அபராதம் உங்களுக்கு வரும். இன்னும் மோசமானவர்கள், வாங்கிய ஆதார், பான் நகலை வைத்து வேறொரு போலி நிறுவனமே தொடங்கிவிடுகிறார்கள். கூலி வேலை செய்பவர் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். யார் செய்து கொடுத்தாலும் ஓடிபி உங்கள் போனுக்கு வர வேண்டும், கடவுச்சொல் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். வரித் துறையும் லேசுப்பட்டதல்ல. கத்தரிக்காய் விற்பவருக்கு இரண்டு பக்க ஆங்கிலத்தில் நோட்டீஸ் அனுப்பி, ‘ஏன் பதில் இல்லை’ என்று கேட்கிறது. தமிழில் நாலு வரி எழுத ஆள் இல்லையா?

இன்றே செய்ய வேண்டியது ஒன்று. கடைக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கி, கியூஆரை அதற்கு மாற்றுங்கள். இப்போது சீட்டுப் பணம், மச்சானிடம் கைமாற்றாக வாங்கியது, மகன் விடுதிக் கட்டணம் திரும்பி வந்தது எல்லாம் ஒரே கணக்கில் விழுகிறது அல்லவா? கம்ப்யூட்டருக்கு அத்தனையும் விற்பனைதான். பழைய ஸ்டேட்மென்டை அச்செடுத்து, விற்பனை அல்லாத வரவுக்கு எதிரே பென்சிலால் ‘சீட்டு’, ‘கைமாற்று’ என்று இப்போதே எழுதி வையுங்கள். மூன்று வருடம் கழித்து ஞாபகம் இருக்காது. கமிஷன் மண்டியில் தரும் துண்டுச் சீட்டையும் கிழித்துப் போடாமல் கம்பியில் குத்தி வையுங்கள். வாங்கியது காய்கறி என்பதற்கு உங்களிடம் இருக்கும் சாட்சி அதுதான்.

அப்புறம், கடையில் பீடி, சிகரெட் அல்லது ஐஸ்கிரீம் பெட்டி உண்டா? நீங்கள் எழுதவில்லை. இருந்தால் 40 லட்சச் சலுகை கிடையாது, வரம்பு 20 லட்சம்தான். அப்படியானால் நீங்கள் எந்த வருடம் அந்த வரம்பைத் தாண்டினீர்கள் என்று பழைய ஸ்டேட்மென்டோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.